தலைவர் பதவி இருக்கட்டும் தம்பி, முதலில் வார்டுக்கு நில்லுங்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, தருமபுரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இருபது வயது. எங்கள் ஊர் இளைஞர்களுக்காகப் பேச ஆளே இல்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு நில்லு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கட்சியில் சேருவதா, சுயேச்சையாக நிற்பதா? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, நிற்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் தலைவருக்கு இப்போது வேண்டாம். வார்டு உறுப்பினருக்கு நில்லுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீசுக்கும் நடுவே பல வருஷம் காகிதத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாகப் போகும்.

வயதுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18-ஆக இறங்கியது 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். 1989-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிற்கும் வயது இறங்கவில்லை. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. உள்ளாட்சிக்கு மட்டும்தான் 21 போதும். ஆக, உங்கள் வயதுக்காரர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அதுதான். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் சூளகிரி ஒன்றியம் கே.என்.தொட்டி ஊராட்சியில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தலைவராகவே ஜெயித்தார். அதனால் "சின்னப் பையனுக்கு என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். பாப்பாரப்பட்டியில் கண்மூடிய சுப்பிரமணிய சிவா, 1908-ல் வ.உ.சி.யோடு கைதானபோது அவருக்கு 23 வயதுதான். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1911-ல் சேலம் நகராட்சியில் உறுப்பினராக நுழைந்து, 1917-ல்தான் அதன் தலைவரானார். இந்த இரண்டாவது உதாரணத்தை என் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.

கட்சியா சுயேச்சையா என்ற கேள்வி கிராம ஊராட்சி அளவில் எழவே எழாது. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. எவ்வளவு பெரிய கட்சிக்காரராக இருந்தாலும் பூட்டு சாவியிலோ கை உருளையிலோதான் நிற்க வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத்தான் கட்சிச் சின்னம் வரும். கிராமத்தில் ஒருவர் கையில் நான்கு ஓட்டுச் சீட்டு கொடுப்பார்கள்: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எல்லோரும் சண்டை போடுவது இளஞ்சிவப்புச் சீட்டுக்கு. வெள்ளைச் சீட்டைக் கேட்க ஆளில்லாமல், போட்டியே இன்றி ஜெயிக்கும் வார்டுகள் ஏராளம்.

ஆனால் அந்த வெள்ளைச் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்கள்தொகையைப் பொறுத்து ஓர் ஊராட்சிக்கு ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று உறுப்பினர்கள் வருவார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இவர்கள்தான். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் போட வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் தலைவரானவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். படித்த பையன், நல்ல எண்ணம், மாலை மரியாதையோடு நாற்காலியில் உட்காருவார். துணைத் தலைவர் எதிர்த்தரப்பு ஆளாக இருப்பார். மோட்டார் ரிப்பேர் பில்லுக்குக் கையெழுத்து வராது. தண்ணீர் வராது. ஜனங்கள் யாரைத் திட்டுவார்கள்? தலைவரைத்தான். அப்புறம் அவர் பாதி நாள் துணைத் தலைவர் வீட்டுத் திண்ணையில், மீதி நாள் ஒன்றிய அலுவலகத்து வராண்டாவில். ஐந்து வருஷம் ஓடிப்போகும்.

வார்டு உறுப்பினருக்கு அந்தப் பாரம் இல்லை. மூன்று நான்கு தெரு, சில நூறு ஓட்டு. ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தைப் படிக்கலாம், செலவுக் கணக்கைப் பார்க்கலாம், ஒப்புக்கொள்ள முடியாததை ஒப்புக்கொள்ளவில்லை என்று பதியச் சொல்லலாம். பிளீச்சிங் பவுடரும் எல்.இ.டி. பல்பும் எத்தனை முறை வாங்கியதாக எழுதப்படுகின்றன என்று ஒரு வருஷம் கவனித்தாலே ஊர் நிர்வாகம் புரிந்துவிடும். இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து வெவ்வேறு வார்டில் ஜெயித்தால் துணைத் தலைவர் யார் என்பதை முடிவு செய்கிற கை உங்களுடையது.

சரி, இப்போது உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன். "எங்கள் ஊர் இளைஞர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அவர்கள்? சாயங்காலம் உங்களோடு வாலிபால் ஆடும் பத்துப் பேரா? நம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து இளைஞர்களை எண்ணத் தொடங்கினால் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில், பேக்கரியில், திருப்பூர் பனியன் கம்பெனியில், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டில் இருப்பார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் வருவார்கள். கெலமங்கலம் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டு, இருபது வயதில் இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று நிற்கும் உங்கள் வகுப்புத் தோழி இருக்கிறாள். குழந்தைத் திருமணத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் வாங்கியிருக்கும் கெட்ட பெயர் உங்களுக்குத் தெரியும். காலனிப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாலிபால் கோர்ட்டு வேறு. இவர்கள் எல்லோரும் உங்கள் வயதுதான். இவர்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதவரை, நீங்கள் உங்கள் நண்பர்களுக்குத்தான் பிரதிநிதி.

ஒரு நல்ல உதாரணம் பார்த்தேன். ஒரு காந்தி ஜெயந்தி கிராமசபை. பள்ளிக்கூட வளாகம், வேப்பமரத்து நிழலில் வாடகை நாற்காலிகள். நூறு நாள் வேலைக்காரப் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நோட்டில் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் கேட்டுக்கு வெளியே பைக் மேல். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர் தீர்மானங்களை ரயில் வேகத்தில் படித்து முடிக்கப் போகும் நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். கல்லூரி மாணவி.

"சார், எங்க ஊருக்குக் காலையில டவுன் பஸ் ஒன்பது மணிக்கு மேலதான் வருது. காலேஜ் ஒன்பதரைக்கு. தினமும் ஃபர்ஸ்ட் பீரியடு போயிடுது."

"அது போக்குவரத்துக் கழகம்மா. ஊராட்சி வேலை இல்லையே."

"தெரியும் சார். தீர்மானமா மட்டும் எழுதிக் குடுங்க. நாங்க கொண்டுபோய்க் குடுக்கறோம்."

கையில் ஒரு நீள நோட்டு. மூன்று குக்கிராமங்களின் மாணவ மாணவிகள் பெயர், படிக்கும் இடம், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். காலனி வீடுகள் முழுக்க அதில் இருந்தன. சித்தாள் வேலைக்கு டவுனுக்குப் போகும் பெண்களையும் விடவில்லை. கேட்டுக்கு வெளியே இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. நகலை வாங்கிக்கொண்டு போக்குவரத்துக் கிளை மேலாளரிடம் ஒன்று, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் ஒன்று, ரசீதோடு. சில மாதம் இழுத்தது. கடைசியில் பஸ் அரை மணி நேரம் முன்னால் வந்தது. அவள் எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வளாகத்தில் இளைஞர் பிரதிநிதி என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அவளைத்தான் சொல்வேன்.

நீங்களும் இதிலிருந்தே தொடங்கலாம். 21 ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, 18 வயதாகி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராமசபை உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்ததோடு 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு நாள். 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, அவர்கள் இடத்தில் நிர்வாகத்தைப் பார்க்கத் தனி அலுவலர்கள் வந்த பிறகும் கிராமசபை நிற்கவில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கைக்காகத்தான் அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள். நீங்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் கூட்டத்தின் நிறமே மாறும்.

ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். "ஊழல் ஒழிக" என்று கத்துவதில் ஒரு பயனும் இல்லை, கிளார்க்கு அதைத் தினமும் கேட்கிறவர். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் என்கிறீர்கள். உங்கள் வகுப்பிலேயே பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்கள் இருப்பார்கள். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு செய்த வேலை. அதைத் தீர்க்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கியது. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் ஏறுகிறது? மற்ற நாளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து விடுகிறார்களா? தொட்டி ஆபரேட்டரிடம் பீடி பிடிக்கிற நேரத்தில் பேசினால் பாதி தெரிந்துவிடும். மீதிக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு கிராமசபைக்குப் போங்கள். அப்போது பெரியவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் இது உங்கள் வயதுப் பிரச்சினை மட்டும் இல்லை.

கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் வழியாக வரலாமே என்று கேட்பீர்கள். லிங்டோ குழு 2006-லேயே அதற்கு விதிமுறை வகுத்தது, உச்ச நீதிமன்றமும் ஏற்றது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் தேர்தலே நடப்பதில்லை, மார்க்கைப் பார்த்து நியமிக்கிறார்கள். அதனால் அதை நம்ப வேண்டாம். அதைவிட நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள். 2024 மறுசீரமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவைப்பது முதல் இடைநின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது வரை அங்கே பேசலாம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு, அதில் பிள்ளைகளின் பிரதிநிதிகளாக இருவர் இருக்க வேண்டும். பல ஊரில் அந்தப் பிள்ளைக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. உங்கள் ஊரில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

நம் பக்கம் உண்மையான முதல் தடை கட்சி இல்லை, ஊர்க்கூட்டம். ஊர்க்கவுண்டர், மந்திரிக்கவுண்டர், கோல்காரர் என்று வழிவழியாக வரும் ஏற்பாடு இன்னும் பல ஊர்களில் உண்டு. கோயில் மண்டபத்தில் கூடி, "இந்தத் தடவை இன்னார், அடுத்த தடவை இன்னார்" என்று முடித்துவிடுவார்கள். சில இடங்களில் கோயிலுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே பதவி என்று ஏலமே விடுவதுண்டு. அது சட்டப்படி குற்றம், தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கத்தான் செய்கிறது. வார்டுக்கு நில்லுங்கள் என்று நான் சொல்வதில் இதுவும் ஒரு காரணம். தலைவர் பதவி என்றால் ஊரே திரண்டு தடுக்கும். வார்டுக்கு என்றால், "சரி, பையன் ஆசைப்படறான், விடுங்க" என்று பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அவர்களைப் பகைக்காதீர்கள், போய்ச் சொல்லிவிட்டு நில்லுங்கள். அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இளைஞர்களை அரசியலுக்குள் இழுக்கும் மலிவான வழி சாதி. பேனர், பனியன், வாட்ஸ்ஆப் குரூப், ராத்திரி ஒரு வண்டி. 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும், சாதி மாறிய ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அப்படிப்பட்ட கூட்டத்தில் முன்னால் நிறுத்தப்படுவது எப்போதும் இருபது வயதுக்காரர்கள்தான். பேசி அனுப்பிய பெரிய மனிதர்கள் வழக்கில் இருக்க மாட்டார்கள். காலையில் மைதானத்தில் காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்: ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறியவன், ஒரு எஃப்.ஐ.ஆர். காரணமாகச் சரிபார்ப்பில் நின்றுபோவான். ஒரு மறியலுக்குப் போவது அவரவர் உரிமை. அது எதற்காக, யார் கூப்பிட்டு என்று தெரிந்து போக வேண்டும்.

கட்சியில் சேரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றியத்துக்கு மேலே போக நினைத்தால் கட்சி இல்லாமல் நடக்காது. ஆனால் பைக் பேரணிக்கு ஆள் சேர்ப்பவராகச் சேராதீர்கள், பூத் வேலை கேளுங்கள். வாக்காளர் பட்டியலைத் தெருத் தெருவாகச் சரிபார்த்து, வாக்குப்பதிவு நாளில் ஏஜென்டாக உட்கார்ந்து பாருங்கள். எந்த வீட்டில் யார் இறந்தார்கள், யார் பெங்களூர் போனார்கள், எந்தத் தெரு ஏன் கோபமாக இருக்கிறது என்று அந்த ஒரு பட்டியல் கற்றுக்கொடுக்கும். வட்டுவனஅள்ளி ஊராட்சியின் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் வாக்குப்பதிவுச் சாமான் ஏறிப்போன கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பூத்தில் ஒரு தடவை இருந்துவிட்டு வந்தால் மேடைப் பேச்சு தானாகக் குறையும். இளைஞரணியில் பொறுப்பு கிடைக்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த அணி நிர்வாகிகள் சிலருக்குப் பிள்ளைகளே கல்லூரியில் படிக்கிறார்கள். சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத் தம்பிகள் இதைப் படித்தால் கூடுதலாக ஒன்று: வாசலில் நின்று தெலுங்கிலோ கன்னடத்திலோ நாலு வார்த்தை பேசத் தெரியாமல் அங்கே ஓட்டு கேட்கப் போகாதீர்கள்.

உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால்? பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது, அதனால் வாய்ப்பு அதிகம். அப்போது அம்மாவை நிறுத்திவிட்டு நீங்கள் கூட்டத்துக்குப் போகும் வேலை வேண்டாம். "தலைவர் வீட்டுக்காரர்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு திரிகிறவர்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். 21 ஆன ஒரு பெண்ணை, படித்தவளோ தறி ஓட்டுகிறவளோ, அவளே பேசுவாள் என்றால் நிறுத்துங்கள். நீங்கள் அவளுக்குப் பட்டியல் எடுத்துக் கொடுங்கள்.

பணம் பற்றி. 2019-ல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 100. செலவு வரம்பு 9,000. தலைவருக்கு டெபாசிட் 600, வரம்பு 34,000. தலைவர் தேர்தலில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது ஆட்டுக்கறி வாங்கிய கடையைக் கேட்டால் தெரியும். வார்டுக்கு நிஜமாகவே அந்த வரம்புக்குள் நிற்க முடியும். நோட்டீஸ், டீ, வீடு வீடாக நடை. தோற்றாலும் ஜெயித்தாலும் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பையன்கள் இதை மறந்துவிட்டு, அடுத்த தடவை தகுதியில்லை என்று நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

கடைசியாக இரண்டு காகித வேலை, இந்த மாதமே. ஒன்று, உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமல் போயின. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் நிறைய உள்ள நம் மாவட்டம் இதில் ஏமாந்துவிடக் கூடாது. விடுதி விலாசத்தில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பெயரே இல்லாவிட்டால், புதிதாகச் சேர்க்கும் படிவம் 6. உங்கள் பட்டியலோடு பெங்களூரில் இருக்கும் நண்பர்கள் பெயரையும் தேடிப்பாருங்கள். 17 முடிந்த தம்பி தங்கைகளும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இரண்டு, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டி, ரசீதை அப்பா பெட்டியில் போடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனுப் பரிசீலனை அன்று எதிராளி முதலில் தோண்டுவது அந்தப் பாக்கியைத்தான்.